டிரவுட் குஞ்சுகளுக்கான தீவனம்: மூட்டையில் அச்சிட்ட புரத எண்ணுக்கு அப்பால் பார்ப்பது எப்படி

குளிர்ந்த மலைநீரில் வளரும் டிரவுட் மீனின் பண்ணைக்குத் தீவனம் வாங்குபவர் மூட்டையைத் திருப்பிப் பார்க்கும்போது முதலில் தேடுவது புரதச் சதவீதத்தைத்தான். 45க்கு மேல் இருந்தால் நல்லது, 48 என்றால் இன்னும் நல்லது என்பது பரவலான கணக்கு. அது முழுத் தவறு அன்று. ஆனால், ஒரே புரதச் சதவீதம் அச்சிடப்பட்ட இரண்டு தீவனங்களை ஒரே நீரில், ஒரே வயதுக் குஞ்சுகளுக்குக் கொடுத்தாலும், இரண்டு மாதத்தில் ஒரு தொட்டி முன்னே சென்றுவிடும்; மற்றொன்றில் மீன்கள் பெரியதும் சிறியதுமாகச் சிதறி நிற்கும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, அதை வாங்கும்போதே கணிப்பது எப்படி, பண்ணையிலேயே சோதித்து அறிவது எப்படி என்பவற்றை இங்கு விளக்குகிறேன். வானவில் டிரவுட் குஞ்சு முதல் தீனி எடுக்கும் நாளிலிருந்து ஏறத்தாழ 20 கிராம் விரலியாகும் (விரலளவு இளமீனாகும்) வரையிலான பருவத்துக்கு மட்டுமே இது பொருந்தும்.

நம் மலைகளுக்கு டிரவுட் புதிதன்று. நீலகிரியின் அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டே குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது. அங்கிருந்து ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விடப்பட்ட மீன்கள் தூண்டில் விளையாட்டுக்கானவை. பூச்சிகளையும் அவற்றின் புழுக்களையும் சிறு மீன்களையும் தாமே தேடித் தின்று வளர்ந்தன. ஒரு பூச்சியில் இல்லாத சத்து மற்றொன்றில் கிடைத்துவிடும். இன்று இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கிலும் காஷ்மீரிலும் சிக்கிமிலும் ஓடுநீர்த் தொட்டிகளில் நெருக்கமாக வளர்க்கப்படும் மீனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மூட்டையில் இருப்பதைத் தவிர வேறெதுவும் அதன் வாய்க்கு வருவதில்லை. ஆகையால் தீவனத்தில் ஒரு சத்து குறைந்தால், அந்தக் குறை நேராக மீனின் உடலில் வந்து நிற்கிறது.

குஞ்சுப் பருவத்தில் இது இன்னும் கடுமையானது. முதல் தீனி எடுக்கும் குஞ்சின் எடை சுமார் 0.1 கிராம்தான். 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் நீரில் நன்றாக வளர்ந்தால், இரண்டு மாத அளவில் அது 1 கிராமை எட்டும். அந்தக் காலத்தில் உடல் பத்து மடங்காகிறது என்றால், அப்போது மீனிடம் உள்ள தசை, எலும்பு, கண், செதில், குருதி ஆகிய அனைத்திலும் பத்தில் ஒன்பது பங்கு நாம் கொடுத்த தீவனத்திலிருந்தே கட்டப்பட்டது என்று பொருள். வளர்ந்த மீன் சில வாரம் மோசமான தீவனத்தைத் தாங்கிக்கொள்ளும். குஞ்சுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது.

புரதம்: எவ்வளவு என்பதைவிட எது

டிரவுட் ஊன் உண்ணும் மீன். தீனி எடுக்கத் தொடங்கிய நுண்குஞ்சுக்கு 45 முதல் 50 சதவீதமும், விரலிக்கு 42 முதல் 48 சதவீதமும் புரதம் கொண்ட தீவனம் வழக்கத்தில் உள்ளது. ஆனால் மீனுக்குத் தேவைப்படுவது புரதம் என்ற பொதுப் பொருள் அன்று. புரதத்தைக் கட்டும் கூறுகளான அமினோ அமிலங்களில், அதன் உடலால் தானே ஆக்கிக்கொள்ள இயலாதவை பத்து உள்ளன: லைசின், மெத்தியோனின், ஆர்ஜினின், திரியோனின், டிரிப்டோஃபான், ஹிஸ்டிடின், லியூசின், ஐசோலியூசின், வேலின், பினைல் அலனின். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், மற்ற ஒன்பதும் தேவைக்கு மேல் இருந்தும் பயனில்லை. தசையாக மாற முடியாத அந்த மிச்சம் எரிபொருளாக எரிக்கப்பட்டு, அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் கலக்கிறது. விலை கொடுத்து வாங்கிய புரதம் தொட்டியில் நஞ்சாக மாறுவதைக் காட்டிலும் பெரிய இழப்பு பண்ணையில் வேறில்லை என்பது என் எண்ணம்.

மூட்டையில் அச்சிடப்படும் எண் ‘கச்சாப் புரதம்’. தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கி அது பெறப்படுகிறது. அந்த நைட்ரஜன் நல்ல மத்தி மீன்தூளிலிருந்து வந்ததா, சரியாகப் பக்குவப்படுத்தாத இறகுத் தூளிலிருந்து வந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. இறகுத் தூளில் கச்சாப் புரதம் 80 சதவீதத்தைத் தாண்டும். ஆனால் அதில் லைசினும் மெத்தியோனினும் ஹிஸ்டிடினும் மிகக் குறைவு.

ஓர் எளிய கணக்கால் இதைத் தெளிவாகக் காணலாம். 100 கிலோ தீவனத்தில் 62 சதவீதப் புரதமுள்ள மீன்தூள் 50 கிலோ, தோல் நீக்கிய சோயாப் புண்ணாக்கு 15 கிலோ, கோதுமைக் குளூட்டன் (கோதுமையிலிருந்து பிரித்த புரதம்) 8 கிலோ, கோதுமை மாவு 14 கிலோ, ஈஸ்ட் 3 கிலோ, மீனெண்ணெய் 8 கிலோ, வைட்டமின்–தாதுக் கலவை 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதில் கச்சாப் புரதம் சுமார் 47 சதவீதம். லைசின் ஏறத்தாழ 3 சதவீதம். இப்போது மீன்தூளை 15 கிலோவாகக் குறைத்து, சோயாவை 40 கிலோவாகவும் குளூட்டனை 22 கிலோவாகவும் உயர்த்தி, மாவை 8 கிலோவாகவும் எண்ணெயை 10 கிலோவாகவும் மாற்றுவோம். கச்சாப் புரதம் இப்போதும் அதே 47 சதவீதம்தான். மூட்டையில் அதே எண்ணை அச்சிடலாம். ஆனால் லைசின் 2.2 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். டிரவுட்டுக்கு வேண்டிய லைசின் தீவனத்தில் சுமார் 2.4 சதவீதம். முதல் தீவனம் அந்த வரம்புக்கு மேலே தாராளமாக நிற்கிறது. இரண்டாவது கீழே விழுந்துவிட்டது. கோதுமைக் குளூட்டன் நன்கு செரிக்கும் பொருள்தான். ஆனால் அதன் புரதத்தில் லைசின் 2 சதவீதம்கூட இல்லை, மீன்தூளின் புரதத்திலோ 7 சதவீதத்துக்கு மேல் உண்டு. செயற்கை லைசினைச் சேர்த்து இந்தக் குறையைச் சரிசெய்ய முடியும். நல்ல உற்பத்தியாளர்கள் அதைச் செய்கிறார்கள். எனவே தாவரப் புரதம் இருப்பதே குற்றமன்று. விடுபட்ட அமினோ அமிலம் ஈடுசெய்யப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். லைசின், மெத்தியோனின் அளவுகளை எழுத்தில் தர இயலாதவரின் தீவனத்தைக் குஞ்சுகளுக்கு வாங்காதிருப்பதே நல்லது.

சோயாவில் வேறொரு சிக்கலும் உண்டு. சரியாக வறுபடாத சோயாவில் டிரிப்சின் என்னும் செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் தங்கியிருக்கும். அதை வெப்பத்தால் போக்கலாம். சபோனின்கள் என்னும் அதிலுள்ள வேறு தாவரப் பொருள்களோ வெப்பத்துக்கு அசையாதவை. டிரவுட், சால்மன் இனங்களின் பின்குடல் சுவரில் அழற்சியை உண்டாக்குவதில் அவற்றுக்குப் பங்குண்டு. குடல் புண்பட்ட மீன் தின்றாலும் வளராது. கழிவு இளகி, நீரில் கரைந்து, வடிகட்டியில் சிக்காமல் போகும். சபோனின் நீக்கிய சோயாப் புரதச் செறிவில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் விலை கூடுதல். 1 கிராமுக்குக் குறைந்த குஞ்சுகளின் தீவனத்தில் சாதாரணச் சோயாப் புண்ணாக்கை 15 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று கருதுகிறேன்.

மீன்தூள் என்றாலே நல்லது என்றும் கொள்ளக்கூடாது. கடற்கரை மணலில் உலர்த்திய மீனை அரைத்த தூளில் மணலும் உப்பும் சேர்ந்து வரும். கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி ஒரு கரண்டித் தூளைக் கலக்கிச் சிறிது நேரம் விட்டால், அடியில் மணல் தனியாகப் படிவதைக் கண்ணாலேயே காணலாம். தலையும் முள்ளும் மிகுந்த கழிவுத் தூளில் சாம்பல் (எரித்தபின் எஞ்சும் தாதுப் பகுதி) 20 சதவீதத்தைத் தாண்டும். அந்தச் சாம்பல் வெறும் எடை மட்டுமன்று. அதிலுள்ள கால்சியம் பாஸ்பேட், குடலில் துத்தநாகம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. துத்தநாகம் கூடுதலாகச் சேர்க்கப்படாவிட்டால் குஞ்சுகளின் கண்ணில் புரை விழுகிறது. புரை விழுந்த மீன் தீவனத்தைக் காண்பதில்லை. காணாத மீன் பின்தங்குகிறது. ஆகவே பகுப்பாய்வு அறிக்கை கையில் கிடைத்தால், புரதத்தை அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது சாம்பல்.

கொழுப்பும் மாவுச்சத்தும்: புரதத்தை எரியவிடாமல் காப்பது

மீன் நீந்தவும் மூச்சுவிடவும் உடலைப் பேணவும் ஆற்றல் வேண்டும். தீவனத்தில் அதற்கென்று கொழுப்பு போதுமான அளவில் இல்லையென்றால், மீன் தசைக்குரிய புரதத்தையே எரிக்கும். நல்ல தீவனத்திலும்கூட, கொடுத்த புரதத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரைதான் உடலில் தங்குகிறது. கொழுப்பைச் சரியாக வைத்தால் தங்கும் பங்கு கூடும்.

இதை அளக்க உதவும் எண், செரிக்கும் ஆற்றல் ஒரு மெகாஜூலுக்கு (1,000 கிலோஜூலுக்கு) எத்தனை கிராம் செரிக்கும் புரதம் என்னும் விகிதம். இளம் டிரவுட்டுக்கு 22 முதல் 25 கிராம் என்ற இடைவெளி பொருந்துகிறது. மிகச் சிறிய குஞ்சுக்கு இதைவிடச் சற்று மேலே இருந்தாலும் கேடில்லை, ஏனெனில் அதன் வளர்ச்சி பெரும்பாலும் தசை வளர்ச்சியே. கணக்கிடும் முறை கடினமானதன்று. புரதத்தில் 90 சதவீதமும், கொழுப்பில் 93 சதவீதமும், வெந்த மாவுச்சத்தில் 75 சதவீதமும் செரிப்பதாகக் கொள்ளலாம். செரித்த ஒவ்வொரு கிராமுக்கும் புரதத்தில் 23.6, கொழுப்பில் 39.5, மாவுச்சத்தில் 17.2 கிலோஜூல் ஆற்றல் உண்டு.

மேலே சொன்ன முதல் தீவனத்தையே எடுத்துக்கொள்வோம். மீன்தூளில் 9 சதவீதக் கொழுப்பு இருப்பதாகக் கொண்டால், அதில் மொத்தக் கொழுப்பு சுமார் 13 சதவீதம். ஒரு கிலோவில் செரிக்கும் புரதம் ஏறத்தாழ 423 கிராம்; செரிக்கும் ஆற்றல் சுமார் 16 மெகாஜூல்; விகிதம் 26ஐச் சற்றுத் தாண்டுகிறது. நுண்குஞ்சுக்கு இது ஏற்றது. அதே கலவையில் மீன்தூளை 46 கிலோவாகக் குறைத்து எண்ணெயை 12 கிலோவாக்கினால், புரதம் 44.6 சதவீதமாக இறங்கி, கொழுப்பு 16.6 சதவீதமாக ஏறும். விகிதம் 24க்கு அருகில் வந்து நிற்கும். 5 கிராமைத் தாண்டிய விரலிக்கு எண்ணெய் கூட்டிய இந்தக் கலவையே மேலானது. புரதம் குறைந்த தீவனம் கூடுதல் புரதத் தீவனத்துக்கு இணையான, சில சமயம் அதைவிட நல்ல, வளர்ச்சியைத் தருவதைக் கண்டு பலர் வியப்பதுண்டு, காரணம் இதுதான். கூடவே நீரில் சேரும் அம்மோனியாவும் குறைகிறது. 48 சதவீதப் புரதமுள்ள ஒரு கிலோ தீவனத்தில் 77 கிராம் அளவுக்கு நைட்ரஜன் உள்ளது. அதில் பாதிக்கும் மேல் கரைந்த வடிவில் நீருக்கே செல்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த மாற்றம் எவ்வளவு பயனுடையது என்பது விளங்கும்.

எனினும் கொழுப்பை விருப்பம்போல் ஏற்றிக்கொண்டே போக முடியாது. ஆற்றல் மிகுந்த தீவனத்தை மீன் குறைவாகவே தின்னும். அப்போது புரதமும் வைட்டமின்களும் குறைவாகவே உள்ளே செல்லும். எஞ்சிய கொழுப்பு குடலைச் சுற்றி வெண்மையாகப் படியும். எடை ஏறியதுபோல் தோன்றினாலும் அது வளர்ச்சியன்று. மாதம் ஒருமுறை ஐந்தாறு மீன்களை அறுத்துப் பார்த்து, குடலைச் சுற்றிய கொழுப்பின் அளவையும் கல்லீரலின் நிறத்தையும் குறித்துவைப்பது நல்ல பழக்கம்.

கொழுப்பின் வகையும் முக்கியம். டிரவுட்டுக்கு ஒமேகா-3 வகைக் கொழுப்பமிலங்கள் கட்டாயம் வேண்டும். தீவனத்தில் லினோலெனிக் அமிலமாக சுமார் 1 சதவீதம், அல்லது மீனெண்ணெயில் உள்ள ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் இரண்டும் சேர்ந்து சுமார் அரை சதவீதம் போதும். மீனெண்ணெயில் இவை நேராகக் கிடைக்கின்றன. சூரியகாந்தி எண்ணெயையோ கடலை எண்ணெயையோ மட்டும் சேர்த்தால் ஆற்றல் கிடைக்கும், இந்தச் சத்து கிடைக்காது. துடுப்பு அரிப்பும், துரத்தினால் மயங்கிச் சாயும் பலவீனமும் நாளடைவில் தோன்றும். இதே ஒமேகா-3 தான் எளிதில் காறிப்போவதும். காறிய எண்ணெய் தீவனத்திலுள்ள வைட்டமின் ஈ-யைத் தின்றுவிடும். மீனின் செவுள் வெளிறும், கல்லீரல் மஞ்சளாகி நொய்ந்துபோகும். எண்ணெய் வாங்கும்போது, அது எவ்வளவு காறியிருக்கிறது என்பதைக் காட்டும் பெராக்சைடு எண்ணைக் கேட்டு, அது 10க்கு மேல் இருந்தால் மறுத்துவிடுங்கள். மூட்டையைத் திறந்ததும் பழைய பெயிண்ட் போன்ற நெடி அடித்தால் சோதனைச் சாலைக்கு அனுப்பவே தேவையில்லை.

மாவுச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிரவுட்டின் உடல் குளுக்கோஸைச் சரிவரக் கையாளாது. தின்ற பின் குருதிச் சர்க்கரை நெடுநேரம் உயர்ந்தே நிற்கும். செரிக்கும் மாவுச்சத்து 12 சதவீத அளவில் இருந்தால் தீவனக் குருணையை (சிறு துகள்களை) உதிராமல் பிணைக்கவும் சிறிது ஆற்றல் தரவும் உதவும். அதற்கு வெகுவாக மேலே சென்றால் கல்லீரல் வீங்கி வெளிறும். வேகாத மாவு பெரும்பாலும் கழிவாகவே வெளியேறும். ஆகையால் நீராவியில் வேகவைத்துப் பிழியும் எந்திரத்தில் செய்த தீவனத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிறு அளவில் பெரும் வேலை செய்பவை

வைட்டமின் சி குறைந்தால் முதுகெலும்பு வளைகிறது. டிரவுட் தன் உடலில் அதை ஆக்கிக்கொள்ள இயலாத மீன். கிலோவுக்கு 20 மில்லிகிராம் அதன் அடிப்படைத் தேவை; ஆனால் சாதாரண வடிவ வைட்டமின் சி, தீவனம் வேகும்போதும் கிடங்கில் இருக்கும்போதும் விரைவாகச் சிதைந்துவிடும் என்பதால், பாஸ்பேட்டுடன் பிணைந்த நிலையான வடிவத்தில் பல மடங்கு கூடுதலாகச் சேர்ப்பதே முறை. மூட்டையில் எந்த வடிவம் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள்.

தாவரப் பொருள்களிலுள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் வடிவில் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் நொதி டிரவுட்டின் குடலில் இல்லை. மீன்தூள் குறைந்த தீவனத்தில் மோனோகால்சியம் பாஸ்பேட் சேர்த்து, மீனுக்குக் கிடைக்கும் பாஸ்பரஸை 0.6 முதல் 0.7 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். மொத்தப் பாஸ்பரஸ் 1.2 சதவீதம் என்று எழுதியிருப்பதைக் கண்டு நிறைவடைந்துவிடக் கூடாது.

வளைந்த முதுகு, கண்புரை, செவுள் இழைகள் ஒட்டிக்கொள்வது, துடுப்பு அரிப்பு ஆகியவை சத்துக்குறையின் குறிகளாக இருக்கலாம். வளைந்த முதுகுக்கு வைட்டமின் சி, டிரிப்டோஃபான், பாஸ்பரஸ் ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் இடமுண்டு. கண்புரைக்குத் துத்தநாகம், மெத்தியோனின், ரிபோஃபிளேவின். ஒட்டிய செவுளுக்குப் பாந்தோதெனிக் அமிலம். ஆனால் கண்ணைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுவும் புரைபோலத் தெரியும். நெருக்கடியில் ஒன்றையொன்று கடித்தாலும் துடுப்பு தேயும். ஆகையால் குறியைக் கண்டவுடன் தீவனத்தின்மேல் பழிபோடாமல், அதே நீரில் வேறு தீவனம் தின்னும் தொட்டியையும் பார்த்து ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

செலவைக் குறைக்கப் பச்சை மீனை அரைத்துக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மத்தி, நெத்திலி போன்ற சில மீன்களின் பச்சை உடலில் தயமினை (வைட்டமின் பி1) சிதைக்கும் நொதி உள்ளது. வேகவைக்காமல் தொடர்ந்து கொடுத்தால் குஞ்சுகள் நிலைதடுமாறி வலிப்பு வந்து இறக்கும்.

பூஞ்சை நஞ்சைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1960ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்கக் குஞ்சு பொரிப்பகங்களில் வானவில் டிரவுட்டுகளுக்குக் கூட்டங்கூட்டமாகக் கல்லீரல் புற்றுக்கட்டிகள் தோன்றின. தீவனத்தில் சேர்த்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலிருந்த அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. இந்த நஞ்சால் மிக எளிதில் பாதிக்கப்படும் உயிர்களுள் வானவில் டிரவுட் ஒன்று. தீவனத்தில் நூறு கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மாதக்கணக்கில் கட்டிகளை உண்டாக்கப் போதும். மாட்டுக்கு ஆகும் என்று ஒதுக்கிய கடலைப் புண்ணாக்கு டிரவுட் குஞ்சுக்கு ஒருநாளும் ஆகாது. என் பரிந்துரை கண்டிப்பானது: குஞ்சுத் தீவனத்தில் கடலைப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் அறவே வேண்டாம். மழைக்காலத்தில் மூடுபனி அறைக்குள்ளேயே வந்து தங்கும் மலைப் பகுதிகளில், நல்ல தீவனமும் கிடங்கிலேயே பூஞ்சை பிடிக்கும். மூட்டைகளைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சுவரைத் தொடாமல், மரச்சட்டத்தின்மேல் அடுக்கி, தயாரித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கட்டி தட்டிய குருணையை உடைத்துக் காயவைத்துப் பயன்படுத்துவது வேண்டாம். காய்ந்தாலும் நஞ்சு போகாது.

வாய்க்குள் செல்லும்படி கொடுப்பது

எவ்வளவு சிறந்த கலவையும் குஞ்சின் வாய்க்குள் சென்றால்தான் பயன். குஞ்சின் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்து, குஞ்சுகளில் பாதியளவு மேலெழுந்து நீந்தத் தொடங்கும்போது முதல் தீனியைத் தூவ வேண்டும். பை முழுதும் கரையும்வரை காத்திருந்தால், தின்னக் கற்காத குஞ்சுகள் தலை பெருத்து உடல் மெலிந்து மிதக்கும். அவற்றை எந்தத் தீவனமும் மீட்காது.

குருணையின் அளவு 0.5 கிராம் எடைவரை சுமார் அரை மில்லிமீட்டர், 1 கிராம் வரை 0.8, 3 கிராம் வரை 1 முதல் 1.2, 8 கிராம் வரை 1.5, அதன்பின் 2 மில்லிமீட்டர் என்று உயரலாம். தொட்டியில் உள்ள மிகச் சிறிய மீன்களாலும் விழுங்க முடிகிறதா என்று பார்த்தே அடுத்த அளவுக்கு மாற வேண்டும். 12 டிகிரி நீரில், 0.2 கிராம் குஞ்சுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் சுமார் 5 சதவீதமும், 1 கிராமில் 4 சதவீதமும், 5 கிராமில் 3 சதவீதமும், 20 கிராமில் 2 சதவீதத்துக்குச் சற்று மேலும் தொடக்க அளவாகக் கொள்ளலாம். முதல் வாரங்களில் பகலில் பத்து முறையாவது சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். 5 கிராமுக்குப் பின் நான்கைந்து முறை போதும். நீர் 20 டிகிரியை எட்டினால், அல்லது வெளியேறும் நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், அன்று தீனியை நிறுத்திவிடுங்கள். ஒரு கிலோ தீவனத்தைச் செரிக்க மீன்களுக்கு 200 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். நீரில் அது இல்லாதபோது தீவனம் வளர்ச்சியைத் தராது, மூச்சுத் திணறலைத்தான் தரும்.

பண்ணையிலேயே சோதிப்பது

புதிய தீவனத்தை முழுப் பண்ணைக்கும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை நடத்துங்கள். ஒரே நீர் வழியில் ஆறு சிறு தொட்டிகள் வேண்டும். ஒரே தாய்க்கூட்டத்தில் பிறந்து, அளவு பிரித்தெடுத்த, ஏறத்தாழ 2 கிராம் எடையுள்ள குஞ்சுகளைத் தொட்டிக்கு நூறாக விடுங்கள். மூன்று தொட்டிக்குப் பழைய தீவனம், மூன்றுக்குப் புதியது. எந்தத் தொட்டிக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள். நீர் நுழையும் பக்கத்துத் தொட்டிகளுக்கெல்லாம் ஒரே தீவனத்தைக் கொடுத்தால், வேறுபாடு தீவனத்தால் வந்ததா நீரால் வந்ததா என்று தெரியாமல் போய்விடும். தீவனத்துக்கு ஒரு தொட்டியாக இரண்டே தொட்டிகளில் செய்யும் சோதனையை நான் நம்புவதில்லை. தற்செயலான வேறுபாட்டை அது தீவனத்தின் கணக்கில் எழுதிவிடும்.

எட்டு வாரம் கொடுத்து, இரு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். எடை பார்ப்பதற்கு முந்தைய நாள் முழுதும் தீனி கூடாது. கொடுத்த தீவனத்தின் எடை, இறந்த மீன்களின் எண்ணிக்கை, நீரின் வெப்பம் ஆகியவற்றை நாள்தோறும் எழுதுங்கள். முடிவில் இரண்டு எண்களைக் கணக்கிட வேண்டும். முதலாவது, இறுதி எடையின் இயல் மடக்கையிலிருந்து (கணிப்பானில் ln) தொடக்க எடையின் இயல் மடக்கையைக் கழித்து, நாள்களால் வகுத்து, நூறால் பெருக்கிக் கிடைக்கும் நாளொன்றின் வளர்ச்சி வீதம். இரண்டாவது, கொடுத்த தீவனத்தைக் கூடிய எடையால் வகுத்துக் கிடைக்கும் தீவன மாற்று விகிதம்.

எடுத்துக்காட்டாக, 56 நாளில் முதல் தீவனத்தில் 2 கிராம் குஞ்சு 9 கிராமாகிறது. மாற்று விகிதம் 0.95. இரண்டாவதில் அது 7.4 கிராமாகிறது, விகிதம் 1.15. முதலாவதன் வளர்ச்சி வீதம் 2.7 சதவீதம், இரண்டாவதன் வீதம் 2.3. கிலோ விலை முறையே 160 ரூபாய், 130 ரூபாய் என்று கொண்டால், ஒரு கிலோ எடை கூட ஆகும் செலவு 152 ரூபாய், 149 ரூபாய் 50 காசு. மூட்டை விலையில் 30 ரூபாய் மலிவாகத் தெரிந்தது, மீன் எடையில் இரண்டரை ரூபாயாகச் சுருங்கிவிட்டது. அதோடு இரண்டாவது தொட்டியின் மீன்கள் அதே 9 கிராமை எட்ட இன்னும் எட்டு நாள் வேண்டும். அந்த எட்டு நாளும் தொட்டியும் நீரும் ஆளும் அவற்றுக்கே கட்டுப்பட்டிருக்கும்.

சராசரியோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு தொட்டியிலும் முப்பது மீன்களையாவது தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். எடைகள் மிகவும் விரிந்து கிடந்தால், வலிய மீன்கள் மட்டுமே போதிய அளவு தின்கின்றன என்று பொருள். அது குருணையின் அளவாலும் இருக்கலாம், தீனி தூவும் முறையாலும் இருக்கலாம், தீவனத்தின் சுவை பிடிக்காததாலும் இருக்கலாம். முதலில் ஒருவாரம் நாளொன்றுக்குத் தீனி தூவும் தடவைகளைக் கூட்டிப் பாருங்கள். விரிவு குறையாவிட்டால் கலவையைச் சந்தேகிக்கலாம்.

சோதனையில் புதிய தீவனம் வென்றாலும், ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதல் மூன்று நாள் கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, பின்னர் மூன்று நாள் முக்கால் பங்கு என்று புதியதைக் கலந்து கொடுத்து, தொட்டியின் அடியில் தங்கும் குருணைகளை ஒவ்வொரு வேளையும் பாருங்கள். அடியில் தங்குவது கூடினால், மாற்றத்தை நிறுத்தி முந்தைய அளவுக்கே இரண்டு நாள் திரும்பிச் செல்லுங்கள். குஞ்சுகள் மேலெழுந்து வந்து கவ்வத் தொடங்கிய பிறகு மீண்டும் கூட்டலாம்.